அச்சைத் தொடாத பரவளையம்

சோமனூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு வடக்கே போகிற சாலையில், ரேஷன் கடையைத் தாண்டி, அங்கப்பனின் தறிகுடோன் இருக்கிறது. பேர்ப் பலகை கிடையாது. தறி ஓடுகிற சத்தத்தை வைத்துத்தான் புது ஆட்கள் கண்டுபிடித்து வருவார்கள். அங்கப்பன் அவ்வளவு உயரம் இல்லை. சட்டையின் மேல் பொத்தானைப் போடாமல் திரிகிற பழக்கம் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. காதோரம் எப்போதும் கொஞ்சம் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். யாராவது சொன்னால் தட்டிவிட்டு, "போயிருச்சா?" என்பான். போயிருக்காது.

நான் முஜீப். என் அத்தா கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து இங்கே வந்து, தறிகளில் மிச்சமாகிற கழிவு நூலை வாங்கி விற்றவர். இப்போது அந்த வியாபாரத்தை நான் பார்க்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் நானும் அங்கப்பனும் ஒரே பெஞ்சு. அவனுடைய வாழ்க்கையில் பெரிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று முன்பு யாராவது கேட்டிருந்தால், ஒன்றுமில்லை, நல்ல மனுஷன், நாணயமானவன் என்று சொல்லி முடித்திருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன்.

எங்கள் பத்தாம் வகுப்பு 1993-இல். நாச்சியம்மாள் டீச்சர்தான் கணக்கு. அவர் வகுப்பில் கரும்பலகையின் ஒரு பக்கம் முழுக்க வெள்ளைப் பெயின்டில் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டிருக்கும். அது வரைபடத்துக்கு. மற்ற நாட்களில் டீச்சர் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் வராது. வரைபடம் நடத்துகிற நாளில் மட்டும் எழுந்து முன்னால் வந்து நின்றுவிடுவோம். x² போட்ட சமன்பாடு ஒன்றை எழுதுவார். பட்டியல் போடுவார். ஒவ்வொரு புள்ளியாகச் சுண்ணாம்புக் கட்டியால் குத்துவார். அப்புறம் கையைத் தூக்காமல் ஒரே வீச்சில் அத்தனை புள்ளியையும் சேர்ப்பார். கிண்ணத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி ஒரு வளைவு பலகையில் வந்து நிற்கும். "பாத்துக்கங்க கண்ணுகளா, இதுதான் பரவளையம். இது எங்கெங்க x அச்சை வெட்டுதோ, அதுதான் விடை" என்பார்.

எங்களில் பலருக்கும் அந்த வளைவு வராது. புள்ளிக்குப் புள்ளி ஸ்கேல் வைத்து இழுப்போம். ரம்பத்தின் பல் மாதிரி இருக்கும். அங்கப்பனுக்கு மட்டும் டீச்சர் கை அப்படியே வந்தது. பென்சிலை பிளேடால் ஊசி மாதிரி சீவிக்கொள்வான். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பான். ஒரு நெளிவு இருக்காது. தேற்றங்கள் அவனுக்கு ஏறவே இல்லை. இயற்கணிதம் பாதிக் கிணறு. ஆனால் வரைபடத் தாளைக் கொடுத்துவிட்டால் அவன் ராஜா. மற்ற வகுப்பிலிருந்தெல்லாம் பார்க்க வருவார்கள். அந்த மஞ்சள் தகர ஜாமெட்ரி பாக்ஸும், அதற்குள் ரப்பரும் பென்சில் தூளும் கலந்த வாசனையும் எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது.

கணக்குப் பரீட்சை அன்று மணி அடித்ததும் அவன் எங்களுக்கெல்லாம் முன்னால் எழுந்து வெளியே வந்துவிட்டான். நான் வந்து பார்த்தபோது சைக்கிள் ஸ்டாண்டில் தன் சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது.

"என்னடா ஆச்சு?"

"வரைபடம் தப்பாப் போச்சு."

"உனக்கா?"

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நானும் தோண்டவில்லை. எனக்கே அன்றைக்கு வட்டத்தில் நாற்கரம் சரியாக வரவில்லை.

ரிசல்ட் வந்தபோது எனக்கு நாற்பத்தெட்டு. அவனுக்கு முப்பத்தொன்று. மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ். அக்டோபரில் மறுபடி எழுதலாம் என்று அவன் அப்பா பணம் கட்டினார். பரீட்சை நாளில் அவன் சைக்கிளில் கிளம்பினான். கருமத்தம்பட்டி பஸ் ஸ்டாண்டில் பரீட்சை முடிகிற நேரம் வரைக்கும் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தான். இதுவும் எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும். அப்புறம் தறி, அதுதான் அவன் படிப்பு, வேலை, எல்லாம்.

கல்யாணம் சென்னிமலையில். பெண் ராசாத்தாள், அவள் வீட்டில் பெட்ஷீட் நெய்கிற கைத்தறி. பெண் பார்க்கப் போன வேனில் நானும் இருந்தேன். அவள் அப்பா தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, "மாப்பிள்ளை எதுவரைக்கும் படிச்சிருக்காருங்க?" என்று கேட்டார். அங்கப்பனின் அப்பா கண்ணைச் சிமிட்டாமல், "எஸ்.எஸ்.எல்.சி. பாஸுங்க" என்றார். "எங்க புள்ளையும் அப்பிடித்தானுங்க" என்றார் அவள் அப்பா. தட்டு மாற்றிவிட்டார்கள். அங்கப்பன் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. நான் ரசத்தை மடமடவென்று குடித்தேன்.

மகள் பிரவீனா பிறந்தாள், படித்தாள். அவள் ஹைஸ்கூல் வந்த பிறகு கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் வருவாள். "சித்த இரு கண்ணு, தறி நின்னு போச்சு போலிருக்குது" என்று குடோனுக்குள் போய்விடுவான். தறி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ராசாத்தாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கவே மாட்டாள். கடைசியில் ட்யூஷன் வைத்தார்கள். பிரவீனா இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறாள்.

இத்தனையும் இப்படியே போயிருக்கும். 2023-இல் எங்கள் பேட்சுக்கு முப்பதாவது வருஷம். வாட்ஸ்அப்பில் யாரோ ஆரம்பித்து, பழைய பள்ளிக்கூடத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குடும்பத்தோடு கூடுவதென்று முடிவானது. பந்தல், பிரியாணி, குரூப் போட்டோ எல்லாம் உண்டு. மைக் மதன்குமார் கையில். அவன் கோயமுத்தூரில் ஒரு காலேஜில் பேராசிரியர். பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்? ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கிண்டல் பண்ணிக்கொண்டு வந்தான். எல்லோருக்கும் சந்தோஷம்.

"நம்ம பேட்ச்சுல கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினது ஒருத்தன். அது யாருன்னு நான் சொல்ல மாட்டேன், எனக்குக் கூச்சம்" என்றான். சிரிப்பு. "ஆனா வரைபடத்துல ராஜா யாரு? அங்கப்பன்! அந்த ராஜா கணக்குல ஃபெயிலு! இது எப்பிடின்னு எனக்கு முப்பது வருஷமா வெளங்கல. எங்கடா இருக்கற அங்கப்பா, கையத் தூக்கு!"

மதனுக்குக் கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை. அங்கப்பனும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினான். பெண்கள் வரிசையில் ராசாத்தாளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுத்தான் அவன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவன் பிரியாணியைத் தொடவில்லை.

வீட்டுக்குப் போகும்போது மொபெட்டில் நடந்ததை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வண்டி நின்றது எடைமேடைக்குப் பக்கத்தில் என்கிறாள் அவள். இல்லை, பால் சொசைட்டிக்கு முன்னால் என்கிறான் இவன். மற்றதில் சண்டை இல்லை.

"ராசாத்தி, எங்கப்பா உங்கப்பாகிட்டச் சொன்னது பொய்யி" என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல்.

கொஞ்ச தூரம் போனதும், "வண்டிய நிறுத்துங்க" என்றாள்.

இறங்கி பஸ் பிடித்துச் சென்னிமலைக்குப் போய்விடுவாள் என்றே அவன் நினைத்தானாம். இறங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"எங்கப்பா உங்கப்பாகிட்டச் சொன்னதும் பொய்யிதானுங்க."

"என்னது?"

"உங்களுக்கு ஒரு பாடம். எனக்கு ரெண்டுங்க. கணக்கும் சயின்சும்."

இரண்டு பேரும் நடுரோட்டில் நின்று சிரித்திருக்கிறார்கள். நூல் ஏற்றிப்போன டெம்போக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனானாம். இருபத்திநாலு வருஷம் ஒருத்தருக்கு ஒருத்தர் பயந்துகொண்டு, ஒரே கூரைக்கடியில், பிள்ளையின் கணக்குப் புத்தகத்தைக் கண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கிறார்கள்.

பரீட்சை எழுதலாம் என்ற யோசனை ராசாத்தாளுடையது. அந்த வாரமே கேட்டாள்: "தனித்தேர்வரா எழுதலாமாமுங்க. எழுதிப் பாக்கலாமுங்களா?"

"எனக்குக் கணக்கு வராது புள்ள."

"அந்த மைக்குக்காரரு உங்கள ராஜான்னு சொன்னாரே?"

"அதெல்லாம் அந்தக் காலம்."

"எனக்காகவாவது வாங்க. தனியாப் போய் சின்னப் புள்ளைங்களோட உக்கார எனக்கு வெக்கமா இருக்குது."

அப்படித்தான் அவன் ஒத்துக்கொண்டான். சேவை மையத்தில் விசாரித்துவிட்டு, இருவரும் எல்லாப் பாடத்தையுமே புதிதாக எழுதிவிடுவது என்று பதிந்தார்கள். பிரவீனா போனில் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. "அப்பா, நீங்க ரெண்டு பேரும் எங்கிட்ட ப்ராக்ரஸ் கார்டுக்கு எத்தனை சத்தம் போட்டிருக்கீங்க!" என்றாள். அப்புறம் கைடுகளைக் கூரியரில் அனுப்பிவைத்தாள்.

தமிழ், சமூக அறிவியல் எல்லாம் வீட்டில் படித்தார்கள். கணக்குக்குத்தான் இடைஞ்சல். அவர்கள் வீட்டுக்கும் தறிகுடோனுக்கும் நடுவில் ஒரே சுவர். தறி ஓடினால் மேஜை அதிரும். காம்பஸின் முள் நகர்ந்துவிடும். வட்டம் ஆரம்பித்த இடத்துக்கு வந்து சேராது. தறியை நிறுத்தினால் பிழைப்பு நிற்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என் நூல் குடோனுக்கு வந்தார்கள். அங்கே மூட்டைகளைத் தவிர ஒன்றும் கிடையாது, சத்தமே இருக்காது. ஒரு பழைய டேபிளைத் துடைத்துப் போட்டேன். என் மனைவி மெஹராஜ் டீயும் வர்க்கியும் அனுப்புவாள். சொல்லித்தர எனக்கு ஒன்றும் தெரியாது. நாற்பத்தெட்டு மார்க் வாங்கினவன் எதைச் சொல்லித்தருவது? சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு லேசாகிறது.

ராசாத்தாளுக்கு வட்டம் பிடித்துப்போனது. பத்தாவது கணக்குத் தாளில் கடைசியில் இரண்டு பெரிய கேள்வி வரும்: ஒன்று வடிவியல் வரைதல், மற்றது வரைபடம். அந்த இரண்டையும் ஒழுங்காகப் போட்டுவிட்டால் பாதி பாஸ் என்று எல்லா வாத்தியார்களும் சொல்வார்கள். அவள் தொடுகோட்டைப் பிடித்துக்கொண்டாள். மூன்று சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். மையத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து வட்டத்தைத் தொட்டும் தொடாமலும் போகிற இரண்டு கோடு போட வேண்டும். கண் திட்டத்தில் ஸ்கேலை வைத்து இழுத்தால் கோடு வட்டத்துக்குள் புகுந்துவிடும், இல்லை விலகிப் போய்விடும். மையத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் சரிபாதி கண்டுபிடித்து, அங்கே முள்ளை ஊன்றி இன்னொரு வட்டம் போட வேண்டும். இரண்டு வட்டமும் வெட்டுகிற இடம்தான் தொடுபுள்ளி.

முதல் தடவை சரியாக வந்தபோது அவள் கூவியே விட்டாள். "முஜீப் அண்ணா, இங்க வந்து பாருங்க! தொட்டுட்டு அப்பிடியே போயிருச்சு." அளந்தாள். "இந்தப் பக்கமும் நாலு, அந்தப் பக்கமும் நாலு. ஒரு நூல் அங்கிட்டு இங்கிட்டு இல்லீங்க."

அங்கப்பன் வடிவியலை அவளோடு சேர்ந்து போட்டான். காரணிப்படுத்தல் போட்டான். வரைபடத் தாள் கட்டை மட்டும் பிரிக்கவே இல்லை. "அது எனக்குத் தெரியும், அப்பறம் பாத்துக்கலாம்" என்பான். நான் கவனித்தேன், கேட்கவில்லை.

தைப்பூசம் முடிந்த வாரம் அவளே வரைபடத்தை எடுத்தாள். கைடில் இருந்த ஒரு கணக்கைப் பார்த்துப் பட்டியல் போட்டு, புள்ளி வைத்து, வளைவு இழுத்தாள். கோணலாகத்தான் வந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏனுங்க, இது கீழயே வர மாட்டேங்குது. அந்தரத்துல நிக்குதுங்க."

அங்கப்பன் எழுந்து வந்து பார்த்தான். அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தவன் நிமிரவில்லை. முகத்தில் இரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன்.

"தப்பாப் போட்டுட்ட. பட்டியல மறுக்காப் போடு" என்றான்.

"ரெண்டு தடவ போட்டுட்டனுங்க."

அவனே உட்கார்ந்து போட்டான். அதே எண்கள் வந்தன. கைடைப் புரட்டி விடையைப் பார்த்தாள் ராசாத்தாள். பார்த்துவிட்டு அவன் பக்கம் தள்ளினாள். வளைவரை x அச்சை எந்த இடத்திலும் வெட்டவில்லை, ஆகவே இந்தச் சமன்பாட்டுக்கு மெய்யெண் தீர்வுகள் இல்லை என்று அச்சடித்திருந்தது.

"தீர்வு இல்லீன்னு எழுதினா மார்க்குப் போடுவாங்களா?" என்று கேட்டான் அங்கப்பன்.

"அதானுங்க விடை."

"அதான் விடையா?"

திரும்பத் திரும்ப அதைப் படித்தான். பிறகுதான் 1993-இல் நடந்ததைச் சொன்னான். அன்றைக்குத் தாளைக் கையில் வாங்கியதும் தனக்குப் பிடித்த வரைபடத்தைத்தான் முதலில் எடுத்திருக்கிறான். x² − 4x + 5. அந்த எண்கள் அவனுக்கு மறக்கவில்லை. புள்ளி வைத்தான், இழுத்தான், அருமையான வளைவு. ஆனால் அதன் அடி x அச்சுக்கு ஒரு கட்டம் மேலேயே நின்றுவிட்டது. வகுப்பில் போட்ட எந்த வளைவும் அப்படி நின்றதில்லை. எல்லாம் கீழே இறங்கி அச்சை வெட்டும், குறைந்தது ஓரிடத்தில் தொடவாவது தொடும். எங்கேயோ தப்பு என்று அழித்தான். மறுபடி பட்டியல், மறுபடி வளைவு, அதே இடத்தில் நின்றது. மறுபடி அழித்தான். தாள் நைந்துபோய்விட்டது. மணி அடிக்கிற பயம் வந்ததும், புள்ளி மேலே இருக்க, வளைவை வேண்டுமென்றே கீழே இழுத்து அச்சில் தொடவைத்து, விடை இரண்டு என்று எழுதிவிட்டான். மற்ற கேள்விகளில் பாதிக்கு நேரமில்லை. வடிவியலைத் தொடவேயில்லை.

"சரியாப் போட்டதை நானே என் கையால கெடுத்துப்போட்டேன், முஜீப்பு" என்றான். "கணக்குத் தெரியாதவன்னு இத்தனை வருஷமா நெனச்சுட்டு இருந்தேன்."

ராசாத்தாள் டீ கிளாஸை அவன் கைக்கு நகர்த்திவைத்தாள்.

அடுத்த ஞாயிறு அவன் படிக்க வரவில்லை. "நாச்சியம்மாள் டீச்சரு பெருந்துறையில இருக்காங்களாமா. வாரியா?" என்று கேட்டான். என் வேனிலேயே போனோம். டீச்சருக்கு எழுபத்தைந்து வயதாவது இருக்கும். மகள் வீட்டு மாடியில் தனியாக இருந்தார். தலை முழுக்க வெள்ளை. கண்ணாடி மட்டும் அதே தடிமன். என்னைத் தெரிந்தது, என் அத்தா பேரைச் சொன்னதும். அங்கப்பனைத் தெரியவில்லை.

"வரைபடம் நல்லாப் போடுவேனுங்க டீச்சர்."

"எத்தனையோ பேரு சாமி. கோவிச்சுக்காத" என்றார்.

அவன் அந்தச் சமன்பாட்டைச் சொன்னான். அதைக் கேட்டதும் டீச்சர் கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தார்.

"தொண்ணூத்தி மூணா? அந்த வருஷம் அந்தக் கேள்வி வந்துது" என்றார். "அந்த மாதிரிக் கணக்கை நான் உங்களுக்கு நடத்தவே இல்ல கண்ணு. எங்க வூட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருந்தாரு. ஒரு மாசம் லீவு. திரும்பி வந்து அவசர அவசரமா முடிச்சேன். இது வராதுன்னு விட்டுட்டேன். வந்துருச்சு. எத்தனை பேரு அதுல போனீங்களோ, எனக்குத் தெரியாது. ரிசல்ட் வந்தன்னிக்கு ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து அழுதேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டீச்சர்" என்றான் அங்கப்பன். அதை மறுபடியும் சொன்னான். சமாதானம் தேடி வந்தவன், சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இப்பப் போடு பாக்கலாம்" என்றார் டீச்சர். கட்டம் போட்ட தாள் இல்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் கீறினான். புள்ளி வைத்தான். மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. நாற்பத்தாறு வயதில் அதே கை. வளைவு ஒரு கட்டம் மேலே, அந்தரத்தில், அழகாக நின்றது. கீழே ‘மெய்யெண் தீர்வு இல்லை’ என்று எழுதினான்.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நான் அவர் பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அளவுத்திட்டம் எங்க?"

"டீச்சர்?"

"x அச்சுல ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலகு? எழுதலையே. ஒரு மார்க்கு போச்சு. அச்சுக்குப் பேரும் போடல" என்றார். பிறகுதான் சிரித்தார். எங்களுக்குக் கம்மங்கூழ் கரைத்துக் கொடுத்து, படியிறங்கும்வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது அங்கப்பன் வேனில் பாட்டுப் போடச் சொன்னான். விஜயமங்கலம் தாண்டும்போது அவனும் கூடச் சேர்ந்து பாடினான். அவன் பாடி நான் கேட்டதே இல்லை. நல்லவேளையாகத்தான் பாடாமல் இருந்திருக்கிறான் என்று தெரிந்தது.

அதற்கப்புறம் அவன் தினமும் வரைபடம் போட்டான். பரீட்சை மையம் சூலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். இருவருக்கும் வேறு வேறு அறை. கணக்கு அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். வாசலில் நின்ற ஒரு பெண் பிள்ளை அவனைப் பார்த்து, "சார், எங்க ரூம் சூப்பர்வைசர் நீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். "இல்ல அம்மணி, நானும் உங்கூடத்தான்" என்றானாம். அவள் தன் சிநேகிதியைக் கிள்ளியிருக்கிறாள்.

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "என்ன வந்துதுடா?"

"சாதாரண வளைவு. ரெண்டு எடத்துல வெட்டுச்சு" என்றான். முகத்தில் லேசாக ஓர் ஏமாற்றம். தன்னுடைய கணக்கு வரும் என்று எதிர்பார்த்திருப்பான்.

ராசாத்தாள் அரை மணி கழித்து வந்தாள். விரலெல்லாம் பென்சில் கரி. தொடுகோடு வந்திருந்தது. "அளந்தேன், ரெண்டும் சமமுங்க" என்று தூரத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள்.

மே மாதம் ரிசல்ட். என் குடோனில் என் போனில்தான் பார்த்தோம். முதலில் அவளுடையது: எல்லாப் பாடத்திலும் பாஸ், கணக்கில் ஐம்பத்தெட்டு. அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு நூல் மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அவன் எண்ணைப் போட்டேன். கணக்கில் அறுபத்திநாலு. நான் அவன் முதுகில் ஓங்கி அடித்தேன். அடித்த பிறகுதான் மேல்வரியைப் பார்த்தேன். இங்கிலீஷில் இருபத்தேழு.

அவன் போனை வாங்கிப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். முன்பு பாஸான பாடம்! நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வர, மூட்டையில் சாய்ந்துகொண்டு சிரித்தான். ராசாத்தாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சிரிக்கறதுக்கு என்னங்க இருக்குது? ஜூலைல மறுக்கா எழுதணும். அன்னிக்கு நான் கூடவே வந்து வாசல்கிட்ட நிப்பேன். எந்த பஸ் ஸ்டாண்டுலயும் போய் உக்கார முடியாது."

ஜூலையில் எழுதினான். நாற்பத்தொன்று.

சான்றிதழ் வாங்கப் போன அன்று தறிகுடோனுக்கு லீவு விட்டான். தீபாவளிக்கும் ஊர்க் கோயில் நோம்பிக்கும் தவிர அவன் லீவு விட்டு நான் பார்த்ததில்லை. வாங்கிக்கொண்டு வந்து பேக்கரியில் உட்கார்ந்தோம். மூன்று டீ, மூன்று தேங்காய் பன். ராசாத்தாள் இரண்டு சான்றிதழையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்து, மறுபடி திறந்து ஒருமுறை பார்த்துவிட்டு மூடினாள்.

"பிளஸ் டூவும் எழுதலாமுன்னு இருக்கறனுங்க அண்ணா" என்றாள் என்னிடம்.

"நீ?" என்று அங்கப்பனைக் கேட்டேன்.

"எனக்குப் போதும்டா. இவளை வண்டியில கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வாரேன்" என்றான்.

அப்போது ஈரோடு பஸ் வந்து நின்றது. ராசாத்தாள் சட்டென்று எழுந்தாள். "ஏனுங்க, சென்னிமலைக்குப் போலாமுங்களா? எங்கப்பாகிட்டக் காட்டிப்போட்டு வரலாம். அவருக்கு இனி எத்தனை நாளோ."

அவள் அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, படுக்கையோடுதான் இருந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்று அவர் ஊரெல்லாம் சொன்னது நிஜமாகிவிட்டதை அவரிடம் எப்படிச் சொல்வார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அங்கப்பன் பாதி பன்னை வாயில் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஓடினான். கண்டக்டர் விசில் கொடுத்தார். படியில் நின்றபடி அவன் என்னைப் பார்த்து, காசை நீயே குடுத்துரு என்று கையால் சைகை காட்டினான். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

சாயங்காலம் போன் செய்தேன். ராசாத்தாள்தான் எடுத்தாள். அவள் அப்பா இரண்டு சான்றிதழையும் வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்து, தேதியைப் பார்த்தாராம். இரண்டையும் உறைக்குள் போட்டுக் கொடுத்துவிட்டு, "பரவாயில்ல, ரெண்டு பக்கமும் பொய் சொன்னது சமமாப் போச்சு" என்றாராம். அங்கப்பனுக்கு அன்றைக்கு அங்கே நாட்டுக்கோழிக் குழம்பு.